தூத்தூரில் இருந்தபடியே ராஜதந்திரம் படித்தேன்: ஓர் ஆன்லைன் எம்.ஏ. பற்றி

விசாரிக்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இதைப் படித்தால் ஃபாரின் சர்வீஸில் வேலை கிடைக்குமா?" கிடைக்காது. இந்திய வெளியுறவுப் பணியில் நேரடியாகச் சேர யூபிஎஸ்சி நடத்தும் சிவில் சர்வீஸ் தேர்வு எழுத வேண்டும், அதற்கு ஏதாவது ஒரு பட்டம் போதும், ராஜதந்திரத்தில் எம்.ஏ. தேவையே இல்லை. அந்த ஆசையில் இருக்கிறவர்கள் இந்தப் பணத்தையும் இரண்டரை வருஷத்தையும் அந்தத் தேர்வுக்கே செலவழிக்கலாம். இதைச் சொல்லிவிட்டால் மீதியை நிம்மதியாக எழுதலாம்.

நான் படித்தது பன்னாட்டு ராஜதந்திரம் எம்.ஏ., தெற்காசியாவும் இந்தியப் பெருங்கடலும் சிறப்புப் பகுதி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று முழுக்க ஆன்லைனில் நடத்துகிறது. பெயரை எழுதவில்லை. சில குறைகளைச் சொல்லப் போகிறேன், அவை என் ஒருத்திக்கு நடந்தவை, அதை மட்டும் வைத்து ஓர் இடத்தை எடைபோடுவது நியாயமில்லை. சேரும் முன் நான்கைந்து பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டத்தை வாங்கிப் பார்த்தேன், பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. அதனால் நான் சொல்வது இந்த மாதிரிப் படிப்பு எதற்கும் ஓரளவு பொருந்தும்.

நான் ஏன் போய்ச் சேர்ந்தேன் என்று சொன்னால்தான் என் மதிப்பீடு புரியும். கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் பக்கம் ஒரு மீனவர் சங்க அலுவலகத்தில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். வேலை என்றால் பெரும்பாலும் மனு எழுதுவது. நீரோடியில் தொடங்கி மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரையுமன்துறை வரை வரிசையாகக் கிடக்கிற எங்கள் எட்டு ஊரும் ஆழ்கடல் தூண்டில் தொழிலுக்குப் பேர்போனவை. ஒரு போட் கிளம்பினால் முப்பது நாள், நாற்பது நாள் தங்கல். சுறா தேடித் தெற்கே போகிறவர்கள் டீகோ கார்சியா தீவுப் பக்கம் பிரிட்டிஷ் ரோந்துக் கப்பலிடம் சிக்குவார்கள், அது இங்கிருந்து சுமார் 1,800 கிலோமீட்டர். வளைகுடாவில் கூலிக்குப் போனவர்கள் அங்கே ஒரு நாட்டுக் கடலில் இருந்து இன்னொரு நாட்டுக் கடலுக்குத் தெரியாமல் போய்ப் பிடிபடுவார்கள். செய்தி வந்த அன்று சாயங்காலமே வீட்டுப் பெண்கள் ஆதார் நகலைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலகத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் அடித்தபோது காணாமல் போனவர்களின் பட்டியலை இரவு பகலாக எழுதினேன், ஒருவர் லட்சத்தீவில் கரையேறினார், இன்னொருவர் குஜராத்தில், இன்னும் பலர் எங்கேயும் கரையேறவே இல்லை. அந்த நாட்களில்தான் எனக்கு உறைத்தது. யாரிடம் எந்தச் சட்டப்படி எதைக் கேட்பது என்றே தெரியாமல் வருஷக்கணக்காகக் கெஞ்சி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சரி, படிப்புக்கு வருகிறேன்.

முதல் பாடம் ராஜதந்திரத்தின் அடிப்படை. 1961 வியன்னா உடன்படிக்கை தூதரக உறவுகளுக்கு, 1963 வியன்னா உடன்படிக்கை கான்சுலர் உறவுகளுக்கு, அதாவது வெளிநாட்டில் இருக்கிற தன் குடிமக்களுக்கு ஒரு நாடு செய்கிற உதவிகளுக்கு. இரண்டும் ஒன்றுதான் என்று அதுவரை நினைத்திருந்தேன். முதலாவது நாடும் நாடும் பேசிக்கொள்வதைப் பற்றியது, இரண்டாவதுதான் நம்மைப் போன்றவர்களுக்கு வேண்டியது. அதன் 36-ஆம் பிரிவு சொல்கிறது: வெளிநாட்டில் பிடிபட்ட ஒருவர் கேட்டுக்கொண்டால் அவர் நாட்டுக் கான்சுலேட்டுக்குத் தாமதமில்லாமல் தகவல் சொல்ல வேண்டும், அப்படி ஓர் உரிமை இருக்கிறது என்பதையும் அவருக்குச் சொல்ல வேண்டும், கான்சுலர் அதிகாரி போய்ப் பார்க்கலாம், வக்கீலுக்கு ஏற்பாடு செய்யலாம். 2019 ஜூலையில், பாகிஸ்தான் பிடித்து வைத்த இந்தியர் குல்பூஷண் ஜாதவின் வழக்கில் சர்வதேச நீதிமன்றம் பாகிஸ்தானுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது இதே பிரிவை வைத்துத்தான். டிவியில் அந்தச் செய்தியைப் பார்த்தபோது அது ஒற்றர் வழக்கு, பெரிய இடத்து விவகாரம் என்று கடந்து போனேன். அதே வரி எங்கள் ஊர்க் கூலிக்காரருக்கும் உரியது என்று அந்தப் பாடத்தில்தான் புரிந்தது.

அந்தப் பாடத்துக்கு ஒரு பக்கத்தில் கொள்கைக் குறிப்பு எழுதச் சொன்னார்கள். நான் முன்பு எழுதிய ஒரு மனுவையே ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்தேன். அசல் மனு மூன்று பக்கம். குடும்பத்தின் வறுமை, வயதான தாய், படிக்கிற பிள்ளைகள், கடன், "தாங்கள் கருணை கூர்ந்து" என்று நான்கு இடத்தில். திரும்பி வந்தபோது ஓரத்தில் பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: இதைப் படிக்கிற அதிகாரி நாளைக் காலையில் செய்ய வேண்டிய வேலை என்ன, அது எந்த வரியில் இருக்கிறது? நான் மூன்று பக்கத்தையும் திரும்பத் தேடிப் பார்த்தேன். அப்படி ஒரு வரி இல்லை.

மறுபடி எழுதினேன். போட்டின் பெயர், பதிவு எண், கடைசியாக வயர்லெஸ்ஸில் பேசிய நாள், அப்போதைய அட்சரேகை தீர்க்கரேகை, பிடித்த படையின் பெயர், ஆட்களின் பெயரும் அடையாள அட்டை எண்ணும். அதற்குக் கீழே மூன்று கோரிக்கை: கான்சுலர் அதிகாரி என்றைக்குப் பார்ப்பார், ஜாமீன் தொகை எவ்வளவு கேட்கிறார்கள், போட்டை என்ன செய்யப் போகிறார்கள். அவ்வளவுதான், முக்கால் பக்கம். இப்போது எங்கள் அலுவலகத்தில் எல்லா மனுவும் இந்த அச்சில்தான் போகிறது. முன்பு "தங்கள் மனு உரிய துறைக்கு அனுப்பப்பட்டது" என்று ஒரு வரி வரும், அதோடு முடிந்தது. இந்த அச்சுக்கு மாறிய பிறகு போன வருஷம் ஒரு மனுவுக்குப் பத்தே நாளில் ஓர் அதிகாரி போன் செய்து "அந்த அட்சரேகை எங்கே இருந்து கிடைத்தது, ஜிபிஎஸ் பதிவு இருக்கிறதா" என்று கேட்டார். அவர் கேட்டதிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது, யாரோ ஒருவர் உட்கார்ந்து படித்திருக்கிறார். இந்த ஒரு மாற்றத்துக்காகவே கட்டிய பணம் எனக்குச் செரித்தது.

கடல் சட்டம் தனிப் பாடம், விருப்பப் பாடம்தான். எங்கள் கரையில் இருந்து யார் சேர்ந்தாலும் இதை எடுக்காமல் விடாதீர்கள். 1982-இல் கையெழுத்தான ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையைப் பிரிவு பிரிவாக வாசிக்க வைக்கிறார்கள். கரையில் இருந்து 12 கடல் மைல் வரை ஆட்சிக் கடல், 24 வரை ஒட்டிய மண்டலம், 200 வரை பிரத்தியேகப் பொருளாதார மண்டலம் என்பதெல்லாம் எங்கள் ஊர்ப் பையன்களுக்கே தெரியும். எனக்குப் புதிதாக இருந்தது 73-ஆம் பிரிவு. 200 மைல் மண்டலத்தில் மீன்பிடிச் சட்டத்தை மீறியதாகப் பிடித்தால், நியாயமான ஜாமீன் கட்டியதும் போட்டையும் ஆட்களையும் உடனே விட வேண்டும். இரண்டு நாடுகளும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டிருந்தால் ஒழிய மீன்பிடிக் குற்றத்துக்குச் சிறைத்தண்டனை கொடுக்கக் கூடாது. பிடித்த நாடு கொடி நாட்டுக்கு, அதாவது போட் எந்த நாட்டுடையதோ அந்த நாட்டுக்கு, உடனே தகவல் சொல்ல வேண்டும்.

இதை வாசித்த ராத்திரி மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. காலையில் முதல் வேலையாகச் சித்தப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் இருபது வருஷம் சிராங்காக, அதாவது போட்டை ஓட்டுகிற தலைவராக இருந்தவர், ஒரு தடவை டீகோ கார்சியாவில் பிடிபட்டுத் திரும்பியவர். திண்ணையில் உட்கார்ந்து கட்டஞ்சாயா குடித்துக்கொண்டே முழுசாகக் கேட்டார். அப்புறம் கேட்டார்: "இது எழுதி வச்சிருக்க விஷயம்தானே மோளே, அப்போ ஏன் எங்ககிட்ட யாரும் சொல்லல?"

நான் பதில் சொல்லவில்லை. இன்னொன்றையும் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது, இது எல்லாக் கடலுக்கும் பொருந்தாது. 73-ஆம் பிரிவு 200 மைல் மண்டலத்துக்கானது. 12 மைலுக்குள் போய்ப் பிடிபட்டால் இதைக் காட்ட முடியாது. ராமேஸ்வரம் பக்கம் பாக் நீரிணையில் கடலே ஒடுங்கிக் கிடக்கிறது, 1974 ஒப்பந்தம் அதை வரலாற்றுக் கடற்பகுதி என்று வைத்துப் பிரித்திருக்கிறது, அங்கே கதை வேறு. எந்த இடத்தில் எந்தச் சட்டம் செல்லும், எங்கே செல்லாது என்று கோடு கிழித்துப் பார்க்கக் கற்றுக் கொடுத்ததுதான் இந்தப் பாடத்தின் பெரிய பலம். அதைவிட முக்கியம், ஒரு குடும்பத்துக்குத் தவறான நம்பிக்கையைக் கொடுக்காமல் இருக்க இது எனக்கு உதவுகிறது.

என்ரிகா லெக்ஸி வழக்கும் இதே பாடத்தில்தான். 2012 பிப்ரவரி 15, கேரளக் கரையில் இருந்து சுமார் 20.5 கடல் மைல் தூரத்தில் இத்தாலியக் கப்பலில் இருந்த கடற்படை வீரர்கள் சுட்டதில் செயின்ட் ஆன்டனி போட்டில் இருந்த இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். போட் பூத்துறைக்காரருடையது, இறந்தவர்களில் ஒருவர் எங்கள் இரவிபுத்தன்துறை. உலகத்தில் இந்தப் பாடத்தை எடுத்த எல்லாருக்கும் அது ஒரு வழக்கின் பெயர், எனக்கு அந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரியும். வழக்கை விசாரித்த சர்வதேச நடுவர் தீர்ப்பாயம் 2020-இல் சொன்ன முடிவு இது: வீரர்கள் அரசுப் பணியில் இருந்தவர்கள் என்பதால் அவர்களுக்கு விலக்குரிமை உண்டு, இந்தியா விசாரிக்க முடியாது, ஆனால் போட்டின் கடலோட்ட உரிமையை இத்தாலி மீறியது, இழப்பீடு கொடுக்க வேண்டும். 10 கோடி ரூபாய் வந்தது, இறந்த இருவரின் குடும்பத்துக்கும் தலா 4 கோடி, போட் உரிமையாளருக்கு 2 கோடி. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்து வைத்தது. தீர்ப்பு நூற்றுக்கணக்கான பக்கம், யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். நான் இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபம்தான் வந்தது, இரண்டாம் தடவைதான் அவர்கள் வாதத்தை எப்படிக் கட்டினார்கள் என்று தெரிந்தது. விவாதக் குழுவில் பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர், கப்பல் மாலுமியின் மகன், விலக்குரிமை ஏன் வேண்டும் என்று எழுதினார், நான் ஏன் வேண்டாம் என்று எழுதினேன். இரண்டு வாரம் போனது. அந்த இரண்டு வாரத்தில் கற்றதை எந்தப் புத்தகமும் எனக்குக் கொடுத்திருக்காது.

இனி மாதிரிப் பேச்சுவார்த்தை. பருவத்துக்கு ஒன்று வைப்பார்கள், நேரலையில், மூன்று மணி நேரம். நமக்கு அது ராத்திரி பதினொன்றரைக்குத் தொடங்கும். பாக் நீரிணை மீன்பிடிப் பிரச்சினையைத் தலைப்பாக வைத்தபோது இந்தியத் தரப்பு எனக்குக் கிடைக்கும் என்று எல்லாத் தாளையும் தயார் செய்து வைத்திருந்தேன். சீட்டில் இலங்கை வந்தது. இலங்கைக்காக வாதாட வேண்டும் என்றால் முதலில் மன்னார், யாழ்ப்பாணத்து மீனவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று படிக்க வேண்டும். படித்தேன். போர் நடந்த முக்கால்வாசிக் காலமும் அவர்களைக் கடலுக்கே விடவில்லை. 2009-க்குப் பிறகு கடன் வாங்கி வலை வாங்கிப் போட்டால் இந்தப் பக்கத்து இழுவைமடிப் படகுகள், கடலடியை வாரி இழுக்கிற பெரிய வலைப் படகுகள், அந்த வலையை அறுத்துக்கொண்டு போகின்றன. 2017-இல் இலங்கை இழுவைமடியைச் சட்டம் போட்டே தடை செய்தது. அங்கே வலை அறுந்து நிற்கிறவர்களும் நம்மைப் போலவே "அம்மா, கடன் எப்படிக் கட்டுவேன்" என்று தமிழில் அழுகிறவர்கள்தான். எங்கள் ஊர்த் தூண்டில்காரர்களுக்கும் இழுவைப் படகோடு பழைய மனத்தாங்கல் உண்டு, அதனால் அந்த வலி எனக்கு அந்நியமாக இல்லை.

நடுவில் மழை, கரண்ட் போய்விட்டது, போன் ஹாட்ஸ்பாட்டில் மறுபடி நுழைந்தேன். இந்தியத் தரப்பாகப் பேசியவர் நைரோபிக்காரி. அவர் படிப்படியாக இழுவைமடியைக் குறைக்க ஐந்து வருஷம் கேட்டார், நான் இரண்டு என்றேன், மூன்றில் வந்து நின்றோம், அதுவும் அறுபட்ட வலைக்கு இழப்பீட்டு நிதி என்ற நிபந்தனையோடு. கணினியை மூடும்போது மணி மூன்று. கொல்லைப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன், அலைச்சத்தம் கேட்டது. எதிர்த் தரப்பின் இடத்தில் உட்கார வைக்கிற இந்தப் பயிற்சிக்கு நான் பத்துக்குப் பத்து கொடுப்பேன்.

இப்போது குறைகள். தெற்காசியா என்று பெயர் போட்டார்களே தவிர, அந்தச் சிறப்புப் பாடத்தின் பன்னிரண்டு வாரத்தில் ஏழு வாரம் டெல்லியும் இஸ்லாமாபாத்தும்தான். 1960 சிந்து நதி ஒப்பந்தம், காஷ்மீர், அணு ஆயுதம், தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் ஏன் முடங்கியது. முக்கியமான விஷயங்கள்தான், மறுக்கவில்லை. சார்க் உச்சி மாநாடு 2014 காட்மாண்டுக்குப் பிறகு நடக்கவே இல்லை என்பதையும், 1997-இல் தொடங்கிய, வங்காள விரிகுடா நாடுகளின் கூட்டமைப்பான பிம்ஸ்டெக் அந்த இடத்தை எப்படி நிரப்பப் பார்க்கிறது என்பதையும் நன்றாகவே நடத்தினார்கள். ஆனால் இலங்கைக்கு ஒரு வாரம், மாலத்தீவுக்கு அரை வாரம். இந்தியப் பெருங்கடல் என்று வந்தால் இலங்கை அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீனாவுக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டது, பாகிஸ்தானின் குவாதர் துறைமுகம், யாருக்கு எத்தனை போர்க்கப்பல் என்று போகும். அந்தக் கடலில் தினமும் தொழில் செய்கிற மனிதர்கள் வாசிப்புப் பட்டியலில் எங்கேயும் இல்லை.

மாநில அரசுகளையும் காணோம். கங்கை நீர் ஒப்பந்தம் என்றால் மேற்கு வங்கம் இல்லாமல் பேச முடியாது, கச்சத்தீவு என்றால் தமிழ்நாடு இல்லாமல் பேச முடியாது. நம் அரசியல் சட்டத்தில் மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, ஆட்சிக் கடலுக்கு அப்பால் மீன்பிடிப்பு மட்டும் மத்தியப் பட்டியலில், 57-ஆவது இனம். எங்கள் போட் பன்னிரண்டாவது மைலைத் தாண்டும் நிமிஷத்தில் அதன் அரசாங்கமே மாறிவிடுகிறது. இதை நான் விவாதத்தில் எழுதியபோது பேராசிரியர் "இதைத் தனிக் கட்டுரையாக எழுது" என்றார், எழுதினேன், நல்ல மதிப்பெண்ணும் கொடுத்தார். ஆனால் மாணவி கொண்டு வந்து வைக்கும் வரை பாடத்தில் அது இல்லை என்பது குறைதானே.

வரலாற்றுப் பாடத்திலும் இப்படித்தான், நாமே கொண்டு போய் வைக்க வேண்டும். டச்சுக் கம்பெனியைப் பற்றி இரண்டு வாரம் நடத்தினார்கள், திருவிதாங்கூர் டச்சுப் படையைத் தோற்கடித்த 1741 குளச்சல் போர் அதில் ஒரே வாக்கியம். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குப் போய் டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறையைப் பார்த்துவிட்டு வந்து கட்டுரை எழுதினேன். தோற்றுப் பிடிபட்டவர், பிடித்த மன்னனுக்கே படையைப் பயிற்றுவித்து, இங்கேயே 1777-இல் இறந்தார், கல்லறையில் லத்தீனும் தமிழும் எழுதியிருக்கிறது. 1753 மாவேலிக்கரை உடன்படிக்கையில் டச்சுக்காரர்கள் திருவிதாங்கூருக்கு ஆயுதம் விற்க ஒப்புக்கொண்டார்கள். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் குளச்சல் வெற்றித்தூணைக் கடந்துதான் பஸ்ஸில் போகிறார்கள், ராஜதந்திரம் அங்கேயே நிற்கிறது.

ஆய்வேடு பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, இரண்டரை வருஷத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். வாட்ஜ் பேங்க் என்று கன்னியாகுமரிக்குத் தெற்கே ஒரு மீன்வளத் திட்டு இருக்கிறது, நம் மாவட்டத்துக்குச் சோறு போடுகிற இடம். 1976 மார்ச் 23 அன்று இந்திய வெளியுறவுச் செயலர் கேவல் சிங்கும் இலங்கைத் தரப்பில் டபிள்யூ.டி. ஜெயசிங்கவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் அந்தத் திட்டு இந்தியாவின் பொருளாதார மண்டலத்துக்குள் வருகிறது, அதன் மீது இந்தியாவுக்கே இறையாண்மை உரிமை என்று எழுதப்பட்டிருக்கிறது. கச்சத்தீவைப் பற்றி ஆயிரம் மேடைப்பேச்சு கேட்டிருக்கிறேன், இந்தக் கடிதத்தைப் பற்றி எங்கள் கரையிலேயே பேச்சு இல்லை. அதில் இலங்கைக்கும் சிலது கொடுத்தார்கள்: மூன்று வருஷத்துக்கு உரிமம் பெற்ற ஆறு படகுக்கு மேல் போகாமல், வருஷத்துக்கு 2,000 டன்னுக்கு மேல் பிடிக்காமல் தொழில் செய்யலாம். அதற்கப்புறம் ஐந்து வருஷம் இந்தியா வருஷத்துக்கு 2,000 டன் மீனை இருதரப்பும் ஒத்துக்கொண்ட விலைக்குக் கொடுக்கும்.

எனக்குக் கை நடுங்கிய வரி வேறு. அந்த மூன்று வருஷத்துக்குள் வாட்ஜ் பேங்கில் பெட்ரோலியமோ வேறு கனிமமோ தேட இந்தியா முடிவு செய்தால், எந்தெந்தப் பகுதி என்று இலங்கைக்கு அறிவிக்கும், அங்கே இலங்கைப் படகுகள் மீன்பிடிப்பை நிறுத்த வேண்டும். அதாவது 1976-லேயே அந்தக் கடலுக்கடியில் எண்ணெய் இருக்கலாம் என்ற எண்ணம் மேசையில் இருந்திருக்கிறது. இப்போது கன்னியாகுமரி ஆழ்கடலில் எண்ணெய், எரிவாயுப் பிளாக்குகளுக்கு எதிராக நம் ஊர்களில் போராட்டம் நடக்கிறதே, அதன் முதல் எழுத்து ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு கடிதத்தில் இருக்கிறது. அந்தக் கடிதத்தைத் தமிழில் பெயர்த்துத் தேங்காய்ப்பட்டணம் ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் நின்று வாசித்துக் காட்டினேன், பதினைந்து பேர் இருப்பார்கள். நகல் கேட்டார்கள். மறுநாள் முப்பது நகல் எடுத்துக் கொடுத்தேன்.

இதற்கு என் வழிகாட்டிப் பேராசிரியர் கொடுத்த உழைப்பு பெரியது. தமிழ்ப் பத்திரிகைச் செய்தி, மீனவர்களின் வாய்மொழி இரண்டையும் ஆதாரமாகச் சேர்க்கலாமா என்று முதலில் தயங்கினார்கள், அவர்தான் துறையில் பேசி அனுமதி வாங்கித் தந்தார். நூலக வசதியும் அருமை, வீட்டில் இருந்தே எந்த ஆய்விதழையும் திறக்கலாம். நாகர்கோவில் நூலகத்துக்கு பஸ் ஏறிப் போய் இல்லை என்று திரும்பி வந்த எனக்கு இது சாதாரண விஷயமில்லை.

ஆனால் எல்லாப் பேராசிரியரும் அவரைப் போல் இல்லை. ஒரு பாடத்தில் கட்டுரைக்கு மதிப்பெண் வர ஒன்பது வாரம் ஆனது, அதற்குள் அடுத்த கட்டுரையைக் கொடுத்துவிட்டேன், முதலாவதில் செய்த அதே தவறு இரண்டாவதிலும். மெயில் அனுப்பினால் தானியங்கிப் பதில். இரண்டாம் வருஷம் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு பாடத்தைத் தள்ளிவைக்கக் கேட்டேன், கடைசி நாள் முடிந்துவிட்டது என்று அந்தப் பாடத்துக்குக் கட்டிய பணத்தைத் திருப்பித் தரவில்லை. விதியில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, நான்தான் சேரும்போது படிக்கவில்லை. நீங்கள் பணம் கட்டும் முன் அந்த ஒரு பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

செலவு: எல்லாம் சேர்த்துப் பத்து லட்சத்தை நெருங்கியது, அதில் ஒரு பகுதிக்குக் கட்டணச் சலுகை கிடைத்தது, மீதிக்கு நகைக்கடன். பாடவாரியாகப் பணம் கட்டலாம் என்பதால் சமாளிக்க முடிந்தது. ஒவ்வொரு தடவையும் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் ஏ2 படிவம் நிரப்ப வேண்டும், அனுப்பு கட்டணம் தனி, ரூபாய் இறங்கினால் அதுவும் நம் தலையில். அப்புறம் வெளிநாட்டு ஆன்லைன் பட்டத்தை இங்கே கல்லூரி வேலைக்கோ அரசு வேலைக்கோ காட்டலாம் என்று நினைத்தால், சேரும் முன்பே யூஜிசிக்கும் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்துக்கும் எழுதிக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள், சேர்க்கைப் பிரிவில் பேசுகிறவர் சொல்வதை நம்பி இறங்காதீர்கள். எனக்கு அந்தத் தேவை இல்லை, அதனால் நிம்மதியாகப் படித்தேன்.

பணம் இல்லை, ஆனால் விஷயம் தெரிய வேண்டும் என்கிறவர்களும் உண்டு. இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் எம்.ஏ. மிகக் குறைந்த கட்டணம், பன்னாட்டு உறவுகளும் அதில் ஒரு பாடம். ஐ.நா.வின் பன்னாட்டுச் சட்ட ஒலி-ஒளி நூலகத்தில் பெரிய சட்ட அறிஞர்களின் விரிவுரைகள் இலவசமாகவே கிடைக்கின்றன, கடல் சட்டம் பற்றியும் இருக்கிறது. பத்து விரிவுரை கேட்டுப் பாருங்கள், அப்போதும் பசி அடங்கவில்லை என்றால் எம்.ஏ. பற்றி யோசியுங்கள்.

மீனவர் அமைப்பில் இருப்பவர்கள், தேவாலயப் பங்கு அலுவலகங்களில் மனு எழுதுகிறவர்கள், வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களின் வழக்கைப் பார்க்கிற வக்கீல்கள், கடற்கரைச் செய்தி எழுதுகிற பத்திரிகைக்காரர்கள், இவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வேன், சேருங்கள். கையில் ஒரு கேள்வியோடு போங்கள். என்னுடன் சேர்ந்தவர்களில் பொதுவாக உலக அரசியல் பிடிக்கும் என்று வந்த பலர் இரண்டாம் பருவத்திலேயே நின்றுவிட்டார்கள்.

கடைசியாக நேரம் பற்றி. வாரம் பதினைந்து மணி நேரம் என்று போட்டிருப்பார்கள், எனக்கு இருபதுக்குக் குறைந்ததில்லை, ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் யோசித்து மறுபடி ஆங்கிலத்தில் எழுத வேண்டும் அல்லவா. ஒரே பருவத்தில் இரண்டு பாடம் எடுக்காதீர்கள். ஆய்வேட்டை நான் ஜூன், ஜூலையில் எழுதினேன், மேற்குக் கரைத் தடைக்காலம், போட்டெல்லாம் கரையில் கிடக்கும், அலுவலகத்துக்கு மனு வராது. உங்கள் வேலையில் அப்படி ஓர் இரண்டு மாதம் எது என்று பார்த்து, அதற்கு ஏற்ற மாதிரி சேரும் பருவத்தைத் தேர்ந்தெடுங்கள்.